இனிக்கத் தொடங்கிய நேரம்

செப்டம்பர் 14

வாலுவின் அப்பாவுக்கு,

நான் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு வரி எழுதிக் கேட்க உங்களுக்கு மனசு வரவில்லை. சரி, இறங்கி வருவது எப்போதும் நான்தானே, இப்போதும் நானே வருகிறேன். ஆனால் கோபப்பட உங்களுக்கு மட்டும்தான் உரிமை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு ரயில் நகரும்வரை கதவோரமே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சண்டை போட்டாலும் வழியனுப்ப வருவீர்கள் என்று நினைத்தது என் தப்பு.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வருஷம் பிஸ்கட்டை ருசித்த நாக்குக்கு இங்கே குழந்தைகள் குடிக்கிற மருந்து. கசப்பு தெரியாமல் இருக்க மருந்தில் இனிப்புப் பாகு சேர்க்கிறார்கள். கசப்பு மறைந்ததா இல்லையா என்று நாங்கள் மூன்று பேர் சொல்ல வேண்டும். ருசி அறையில் பலகைத் தடுப்பு வைத்து மூன்று கூண்டுகள். நடுக்கூண்டு எனக்கு. ஒரு பக்கம் ஒல்லி, ஊதினால் பறந்துவிடுவார். இன்னொரு பக்கம் பெரியவர், ஓய்வு பெறப்போகிறவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. வாயில் ஒரு மடக்கு மருந்து, கையில் ஸ்டாப்வாட்ச். இனிக்கத் தொடங்கியதும் ஒரு டிக், இனிப்பு நின்றதும் இன்னொரு டிக். அப்புறம் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து, தாளை நிரப்ப வேண்டும்.

வாலு பார்க்கட்டும் என்று ஒரு வெற்று ருசித் தாள் வைத்திருக்கிறேன். மாதிரி, இனிக்கத் தொடங்கிய நேரம், இனிப்பு நின்ற நேரம், கடைசியில் கசப்பு உண்டா, தீர்ப்பு. இவ்வளவுதான் என் வேலை.

ஜூன் மாதம் நம் ஊரில் கிளை திறக்கிறார்கள். அங்கே ருசி அறையை நடத்த என்னைத்தான் அனுப்பப்போவதாக மேலதிகாரி அம்மா சொன்னார். அதற்காகத்தான் வந்தேன், உங்களை விட்டு ஓடி வரவில்லை. இதை அன்றைக்கே சொல்லவிட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வாலுவுக்குத் தலை பின்னும்போது இறுக்கிப் பின்ன வேண்டாம்.

செப்டம்பர் 23

வாலுவின் அம்மாவுக்கு,

இறங்கி வருவது எப்போதும் நீதான் என்று எழுதியிருக்கிறாய். ஏறி நிற்பதும் நீதானே, வேறு யார் இறங்குவது?

உன் நாக்கு நீளம் என்று கல்யாணமான புதிதில் என் அக்கா சொன்னாள். அதற்கென்றே ஒரு ஊரில் வேலை இருக்கும் என்று அப்போது தெரியாமல் போச்சு.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்த வாரம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருப்பவர் ஒரு பல் டாக்டர். பிரேக் என்று நினைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். என் காலடியிலும் ஒரு பிரேக் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் வாலு பின் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். "அங்கிள், கிளட்ச்சை மெதுவா விடுங்க, வண்டிக்கு வலிக்கும்" என்று அவள் சொன்னால் கேட்கிறார்கள். நான் சொன்னால் கேட்பதில்லை.

நீ அனுப்பிய தாளைப் பார்த்து அவளே இருபது தாள் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தினமும் தீர்ப்பு எழுதுகிறாள். இதுவரை ஒரு நாள்கூட நான் தேறவில்லை.

ஸ்டேஷன் விஷயத்தைக் கிளற வேண்டாம். எழுதினால் திரும்பச் சண்டை வரும்.

டிசம்பர் 6

வாலுவின் அப்பாவுக்கு,

நடுவில் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். இப்போது எழுந்து வேலைக்குப் போகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குச் சொன்னால் அடுத்த ரயிலில் கிளம்பி வந்து நிற்பீர்கள், அல்லது வராமலே இருப்பீர்கள். இரண்டையும் தாங்குகிற தெம்பு அப்போது எனக்கு இல்லை.

பெரியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் கூண்டு காலியாக இருக்கிறது. ஒல்லியும் நானும் மட்டும்தான்.

உங்கள் பழைய கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். திட்டுகிற இடம்கூட இனிக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன், எழுதிவிட்டேன். வேறு எதுவும் இப்போதெல்லாம் அப்படி இருப்பதில்லை.

ஜனவரி 10

வாலுவின் அம்மாவுக்கு,

காய்ச்சல் வந்ததை முடிந்த பிறகு சொல்வது என்ன பழக்கம்? திட்டுவது இனிக்கிறது என்று எழுதி வாயை அடைத்துவிட்டாய். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். உண்மையைச் சொன்னால், அந்த வரியை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். வாலு பார்த்துவிட்டாள். என்னப்பா அது என்றாள். லைசென்ஸ் என்றேன்.

இத்தோடு ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜாம் வருகிறது. நான் செய்தது. சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று, தோலைச் சீவி, கொட்டை எடுத்து, விரலைச் சுட்டுக்கொண்டு செய்தேன். நடுவில் பல் டாக்டர் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து கிளறி இறக்கினேன். இரண்டு பாட்டில் வந்தது. ஒன்று உனக்கு, ஒன்று எங்களுக்கு.

எங்களுடையதை இன்னும் திறக்கவில்லை. வாலுவின் கட்டளை. அம்மா ருசி பார்த்து, தாளில் தேறியது என்று எழுதி அனுப்பிய பிறகுதான் வாயில் வைக்க வேண்டுமாம். கரண்டியைக்கூட நக்கவிடவில்லை. பாட்டில் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் அதைப் பார்த்தபடி வெறும் ரொட்டியைத் தின்கிறோம். சீக்கிரம் எழுது.

ஜனவரி 18

வாலுவின் அப்பாவுக்கு,

பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. துணி சுற்றிக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததுமே உங்கள் கை என்று தெரிந்தது. அவிழ்க்க அரைமணி நேரம் ஆனது.

வாலுவுக்குத் தாளை முறைப்படி நிரப்பி வைத்திருக்கிறேன். மாதிரி, அப்பா செய்த ஆரஞ்சு ஜாம். இனிக்கத் தொடங்கிய நேரம், வாயில் வைத்த மறுநொடி. இனிப்பு நின்ற நேரம், வெகுநேரம் நின்றது. கடைசியில் கசப்பு இல்லை. தீர்ப்பு, தேறியது. இப்படிச் செய்வீர்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை. தினம் காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறேன்.

அவளுக்குக் குளிர் வந்தால் இருமல் வருமே என்று எங்கள் மருந்து ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். போன வாரம் நானே ருசி பார்த்துத் தேறியது என்று எழுதியது. அம்மா கை பட்டது என்று சொன்னால் முகம் சுளிக்காமல் குடிப்பாள்.

ஜனவரி 27

கடிதம் வந்த அன்றே பெரிய ஆர்ப்பாட்டம். வாலு உன் தாளைச் சுவரில் ஒட்டினாள். தட்டு வைத்து, ரொட்டி வைத்து, பாட்டிலை நான்தான் திறக்க வேண்டும் என்றாள். முதல் வாய் அவளுக்கு. வாயில் வைத்தவள் அப்படியே தட்டில் துப்பினாள். நானும் வைத்துப் பார்த்தேன். அதை வாயில் வைக்க முடியவில்லை. புளிப்பு, கசப்பு, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அளந்து வைத்த சர்க்கரைக் கிண்ணத்தைத் தேடினேன். அடுப்புக்குப் பின்னால், தட்டு மூடி, அப்படியே இருந்தது. எறும்பு மட்டும் நன்றாகச் சாப்பிட்டிருந்தது. அந்த ஹாரன் அடித்த நேரத்தில் போட மறந்திருக்கிறேன். ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை.

இப்போது நீ சொல். வாயில் வைத்த மறுநொடி இனித்தது எது? வெகுநேரம் நின்றது எது? பிரித்துக்கூடப் பார்க்காமல் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா, இல்லை குப்பையில் போட்டாயா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இனிக்க இனிக்க எழுதி அனுப்ப நான் என்ன உன் மேலதிகாரியா? பழையதை எல்லாம் படிக்கிறேன், திட்டினாலும் இனிக்கிறது என்று எழுதினாயே, அதுவும் இதே மாதிரிதானா?

நான் பொறுத்துக்கொள்வேன். சுவரில் ஒட்டிய தாளை அவளே கிழித்தாள். "அம்மா சாப்பிடவே இல்லப்பா. சும்மா எழுதியிருக்கா" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நீயே எழுது.

பிப்ரவரி 4

வாலுவின் அப்பாவுக்கு,

குப்பையில் போடவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் நான்தான் சாப்பிட்டேன். காலி பாட்டில் என் ஜன்னலில் இருக்கிறது.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு இனிப்பு தெரிவதில்லை. சர்க்கரையை அள்ளிப் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கிறது. புளிப்பு தெரிகிறது, கசப்பு முன்னைவிட அதிகமாகத் தெரிகிறது. இனிப்பு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. உங்கள் ஜாம் புளித்தது, கசந்தது. எனக்கு எல்லாமே அப்படித்தான் என்பதால் சர்க்கரை இருக்கிறது, என் நாக்குக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இல்லாததை இருக்கிறது என்று நம்பித்தான் எழுதினேன். விரலைச் சுட்டுக்கொண்டு செய்தீர்களே, அதற்கு வேறு என்ன எழுதுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும். இங்கே யாருக்கும் தெரியாது. எல்லா மருந்தும் எனக்கு ஒரே மாதிரி கசக்கிறது. எதில் கசப்பு மறைந்தது, எதில் மறையவில்லை என்று கண்டுபிடிக்க வழியில்லை. பக்கத்துக் கூண்டில் ஒல்லி ஸ்டாப்வாட்சை அழுத்துகிற சத்தம் பலகை வழியாகக் கேட்கும். அவர் டிக் என்றால் நானும் டிக். இரண்டு மாதமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

சொன்னால் நம் ஊர் கிளை கைவிட்டுப் போகும். நாலு மாதம்தான் பாக்கி. நாக்கு திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் கடிதங்கள் இனிக்கின்றன என்று எழுதியது பொய் இல்லை. அதற்கு நாக்கு தேவைப்படவில்லை.

பிப்ரவரி 12

என் கண்ணுக்கு,

அந்தக் குமட்டுகிற ஜாமைப் பாட்டில் முழுக்கத் தின்றாயா? ஒரு வாயே எனக்கு இறங்கவில்லை. போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் அடுப்பில் போட்டுவிடு.

நீ கேட்டதற்குப் பதில். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மாதம் இரு. வாயைத் திறக்காதே. ஒல்லி நல்லபடியாக ருசி பார்க்கிறார், நீ கூடவே அழுத்துகிறாய், யாருக்கு என்ன நஷ்டம்? ஊருக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை. நான் சுயநலமாகத்தான் சொல்கிறேன், தெரிந்தேதான் சொல்கிறேன்.

நீ மறைத்ததைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன். வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் போகாதே என்று சொல்லிவிடுவேன், நீயும் நின்றுவிடுவாய், பிறகு காலம் பூராவும் என்னை மன்னிக்கமாட்டாய் என்று தோன்றியது. ரயில் சத்தம் முழுக்கக் கேட்ட பிறகுதான் கிளம்பினேன். ஊருக்கே பிரேக் போடக் கற்றுக்கொடுக்கிறவன், அன்றைக்கு என் கால் பிரேக்கிலேயே இருந்தது.

பிப்ரவரி 19

என் கண்ணுக்கு,

போன கடிதம் உன் கைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. அதில் வாயைத் திறக்காதே என்று எழுதினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வாலுவுக்கு நாலு நாளாக இருமல். நீ அனுப்பிய மருந்தை எடுத்தேன். பாட்டிலைப் பார்த்ததுமே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "அது அம்மா பாஸ் போட்டதுதானே? எனக்கு வேணாம்" என்றாள். நல்லா இருக்கும் பாரு என்று காட்டுவதற்காக நானே ஒரு மடக்கு குடித்தேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. "பாத்தியா" என்றாள்.

ஜாம் மாதிரியே இருந்தது. அப்படியானால் ஒல்லியும் சரியாகப் பார்க்கவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்குமோ. போய்ச் சொல்லிவிடு. கிளை போனால் போகட்டும்.

வாலுவுக்கு இன்றைக்குப் பரவாயில்லை. கடையில் வேறு மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. நீங்கள் ஸ்டேஷன் வாசலில் இருந்ததைப் பலமுறை படித்தேன். இத்தனை மாதமாக அந்தக் கதவோரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், நேற்றுதான் போய் உட்கார்ந்தேன்.

ஆனால் நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. வாலு தாளைக் கிழித்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அது மனசை விட்டுப் போகவில்லை. இன்று காலை மேலதிகாரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதறாமல் கேட்டுக்கொண்டார். அதற்கென்ன, ஒல்லியின் தாள்கள் இருக்கின்றனவே என்று அவரைக் கூப்பிட்டார். ஒல்லிக்கு முகம் வெளுத்துப் போனது. "நீங்க அழுத்தற சத்தத்தைக் கேட்டுத்தானே நான் அழுத்தறேன்" என்றார் என்னைப் பார்த்து. "எனக்குக் கசக்கத்தான் செய்யும். ஆனா உங்க டிக் கேட்டுடும். நீங்கதான் இங்க நல்ல நாக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, எனக்குத்தான் நாக்கு சரியில்லன்னு விட்டுடுவேன்."

அவருக்காக நான் காத்திருந்திருக்கிறேன், எனக்காக அவர். எங்களில் யாருக்கு முதலில் பொறுமை போனதோ அவருக்கு இனித்திருக்கிறது. பெரியவர் போன நாளிலிருந்து அந்த அறையில் யாருமே ருசி பார்க்கவில்லை.

உடனே வெளியாட்களை வைத்து, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மறுபடி ருசி பார்த்துவிட்டார்கள். இரண்டு தொகுதியில் பாகு குறைவு. கடைகளுக்குப் போனதைத் திருப்பி வாங்கச் சொல்லிவிட்டார்கள். வாலுவுக்கு அனுப்பிய பாட்டில் அதில் ஒன்று. கெடுதல் இல்லை, ஆனால் கசக்கும். அவளுக்குக் கொடுக்காதீர்கள்.

கிளைக்கு வேறு ஆள். எனக்கு இங்கேயே பாட்டிலில் லேபிள் ஒட்டுகிற வேலை தருகிறேன் என்கிறார்கள், ஒரு வருஷத்துக்கு. அத்தனை சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டு, வேலையும் இல்லாமல், நாக்கும் இல்லாமல் எந்த முகத்தோடு வாசலில் வந்து நிற்பது? அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தால் என்ன சொல்வாள்?

பிப்ரவரி 27

என் கண்ணுக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கும். நான் சொல்லச் சொன்னது உன் கைக்கு வருவதற்குள் நீ சொல்லிவிட்டாய். எப்போதும் போல நான் தாமதம்.

எந்த முகத்தோடு வருவது என்று கேட்கிறாய். இருக்கிற முகத்தோடு வா. எனக்கு அதுதான் வேண்டும். லேபிளை வேறு யாராவது ஒட்டட்டும்.

உன் கடிதங்களை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன். காய்ச்சல் வந்தது, இனிப்பு போனது, எல்லாம். கேட்டுவிட்டு ஜாம் மறுபடி செய்ய வேண்டும் என்றாள். செய்தோம். சர்க்கரைக் கிண்ணத்தை அவள் கையிலேயே வைத்திருந்தாள். மற்றதை அவளே எழுதியிருக்கிறாள், நான் திருத்தவில்லை.

அம்மா, ஜாம் நான் ருசி பாத்தேன். இனிக்குது. தேறியது. உனக்கு இனிப்பு தெரியலன்னா நான் சாப்பிட்டுட்டு சொல்றேன், நீ எழுதிக்கோ. மருந்த குடிச்சிட்டு அப்பா மூஞ்ச பாக்கணுமே. நீ பொய் எழுதினது ஏன்னு அப்பா சொன்னாரு. சரி விடு. எப்ப வர?

மார்ச் 6

வாலுவுக்கும் வாலுவின் அப்பாவுக்கும்,

பெட்டி கட்டிவிட்டேன். பதினாலாம் தேதி காலை ரயில். வண்டி நிற்கும்வரை கதவோரமே நிற்பேன். இந்த முறை காரை விட்டு இறங்குங்கள்.

ஒல்லி வந்து விடைபெற்றுப் போனார். இப்போது நாலு பேரைச் சேர்த்திருக்கிறார்களாம், ஸ்டாப்வாட்சைச் சத்தம் வராததாக மாற்றிவிட்டார்களாம். மேசையைத் துடைத்துக் கொடுத்தபோது என் கூண்டில் ஒரே ஒரு வெற்றுத் தாள் மிச்சம் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். கீழே இருப்பது அதுதான்.

மாதிரி: வாலு எழுதிய கடிதம்.
இனிக்கத் தொடங்கிய நேரம்: "சரி விடு" என்ற இடத்தில்.
இனிப்பு நின்ற நேரம்: நிற்கவில்லை.
கடைசியில் கசப்பு உண்டா: உண்டு. நான் அங்கே இல்லாத ஏழு மாதம்.
தீர்ப்பு: தேறியது.

வாலு, இதைச் சுவரில் ஒட்டலாம். இதை நிரப்பியபோது பக்கத்துக் கூண்டில் யாரும் இல்லை.